வந்ததெல்லாம் வரவல்ல: செல்போனுக்கு வரும் படங்களும் கோப்புகளும்

ஒரு படமோ வீடியோவோ பிடிஎஃப்போ செல்போனுக்கு வந்து சேர்வதை ஒரே நிகழ்ச்சியாகத்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். உண்மையில் அதற்குள் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. இன்னாரிடமிருந்து இன்ன வகைக் கோப்பு இவ்வளவு எடையில் வந்திருக்கிறது என்ற தகவல் வருவது ஒன்று. அந்தக் கோப்பே முழுதாக இறங்கி, நினைவகத்தில் இடம் பிடித்து, கேலரியில் நம் வீட்டுப் படங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வது இன்னொன்று. முதலாவதைத் தடுப்பது கடினம். நம் எண் தெரிந்த எவரும் எதையும் அனுப்பலாம். இரண்டாவது நம் கையில் இருக்க வேண்டிய முடிவு. ஆனால் இன்றைய செயலிகளின் ஆரம்ப அமைப்பில் அந்த முடிவைப் பெரும்பாலும் இயந்திரமே நமக்காக எடுத்துவிடுகிறது. நாமும் வந்ததை ஏற்றுக்கொண்டதாகவே கருதிப் பழகிவிடுகிறோம். போன் நிரம்பித் திணறுவது, தேடும் நேரத்தில் ஸ்கேன் அறிக்கை கிடைக்காமல் போவது, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வந்த கோப்பு வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவது, யாரோ அனுப்பிய வீடியோவுக்கு நாம் பதில் சொல்ல நேர்வது எனத் தனித்தனியாகத் தெரியும் தொல்லைகள் பலவற்றின் வேரும் இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகளில் வருகிறவர் முதலில் திண்ணையில் உட்காருவார். யார், என்ன சேதி என்று தெரிந்த பிறகே உள்ளே அழைப்பார்கள். செல்போனுக்கும் அப்படி ஒரு திண்ணை வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குறுஞ்செய்திபோலப் படத்தையும் அனுப்ப உதவும் எம்எம்எஸ் 2002-இல் ஐரோப்பாவில் வணிகச் சேவையாக வந்தபோதே இந்த இரண்டு படிகளும் அதில் தனித்தனியாக இருந்தன. அனுப்புகிறவரின் படம் முதலில் தொலைபேசி நிறுவனத்தின் எம்எம்எஸ் மையத்தில் போய்த் தங்கும். அங்கிருந்து பெறுகிறவரின் போனுக்கு ஒரு சின்ன அறிவிப்பு மட்டும் வரும்: அனுப்பியவர் யார், எடை எவ்வளவு, எதுவரை மையத்தில் இருக்கும், எந்த முகவரியில் எடுக்கலாம். அதன் பிறகே போன் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை எடுத்துவரும். உடனே எடுப்பது, பிறகு எடுப்பது, வேண்டாம் என்று மறுப்பது ஆகிய மூன்றுக்கும் அந்தத் தொழில்நுட்ப விதிகளிலேயே இடம் இருந்தது. ஒரு செய்தி பெரும்பாலும் 300 கேபி அளவோடு நின்ற காலம் அது. ஒவ்வொன்றுக்கும் காசு பிடித்ததால், கேட்டுவிட்டு எடுப்பது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றியது. இந்தியாவில் எம்எம்எஸ் கிட்டத்தட்ட மறைந்துவிட்டாலும் அமெரிக்காவில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே பிள்ளைகளிடம் போய்த் தங்கும் பெற்றோர் பலர், படம் வந்ததாக அறிவிப்பு வருகிறது, அழுத்தினால் இறங்கவில்லை என்று தவிப்பதற்குக் காரணமும் இந்த இரண்டு படிகள்தான். பெரும்பாலும் வைஃபை இருந்தாலும் மொபைல் டேட்டா அணைந்திருக்கும். அல்லது புது சிம்முக்குரிய ஏபிஎன் என்ற இணைப்பு அமைப்பில் எம்எம்எஸ் மையத்தின் முகவரி இருக்காது. டேட்டாவைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் இறங்காவிட்டால் சிம் நிறுவனத்தின் ஏபிஎன் விவரத்தைக் கேட்டுப் பதியுங்கள்.

டேட்டா மலிந்ததும் போன் கேட்பதை நிறுத்திக்கொண்டது. வந்ததைத் தானே எடுத்துக்கொள்வது ஆரம்ப அமைப்பாயிற்று. அதன் விலை 2015 ஜூலையில் தெரிந்தது. ஆண்ட்ராய்டில் வீடியோக்களைப் பிரித்துப் படிக்கும் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற பகுதியில் ஓட்டைகள் இருப்பதை ஸிம்பீரியம் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஜோஷுவா டிரேக் வெளியிட்டார். நாசவேலை செய்யப்பட்ட ஒரு வீடியோவை எம்எம்எஸ் மூலம் அனுப்பினால் போதும். போன் அதைத் தானே இறக்கி, முன்னோட்டப் படம் தயாரிப்பதற்காகத் திறந்து பார்க்கும்போதே தாக்குதல் நடந்துவிடலாம். உரிமையாளர் எதையும் தொட வேண்டியதில்லை, தூங்கிக்கொண்டிருந்தாலும் போதும். சுமார் 95 கோடிக் கருவிகள் இந்த ஆபத்துக்கு உட்பட்டவை என்று அந்த நிறுவனம் மதிப்பிட்டது. திருத்தம் போன்களுக்கு வந்து சேரும்வரை வல்லுநர்கள் சொன்ன தற்காலிக மருந்து மிக எளியது: எம்எம்எஸ்ஸைத் தானே எடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். 2002-இல் இருந்த இரண்டு படிகளுக்கே திரும்புங்கள் என்பதைத்தான் அவர்கள் வேறு சொற்களில் சொன்னார்கள். கூகுள் மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியதும் இதற்குப் பிறகுதான்.

அது ஒரு பழைய கதை என்று தள்ளிவிட முடியாதபடி அதே வகைத் தாக்குதல் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 2021-இல் ஐபோன்களைத் தாக்கிய ஒரு முறையில், ஜிஃப் என்று பெயர் சூட்டிக்கொண்டு வந்த கோப்பு உள்ளுக்குள் பிடிஎஃப்பாக இருந்தது. ஐமெசேஜ் அதைத் தானாகப் பிரித்ததே தாக்குதலுக்குப் போதுமாயிற்று. கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வகம் கண்டுபிடித்துச் சொல்ல, ஆப்பிள் அந்தச் செப்டம்பரில் திருத்தம் வெளியிட்டது. 2025 தொடக்கத்தில், சுமார் 90 பேரைக் குறிவைத்த ஒரு தாக்குதலைத் தடுத்ததாக வாட்ஸ்அப் அறிவித்தது. அதில் குறிவைக்கப்பட்டவரை ஒரு குரூப்பில் சேர்த்து, அங்கே ஒரு பிடிஎஃப்பைப் போடுவதுதான் வழி. மீதியைப் போனே செய்துகொள்ளும். ஆப்பிள் 2022-இல் கொண்டுவந்த லாக்டவுன் மோடு என்ற உச்சப் பாதுகாப்பு நிலையைக் கவனியுங்கள். அதில் செய்தியோடு வரும் இணைப்புகளில் சில வகைப் படங்கள் முதலியவை தவிர பெரும்பாலானவை தடுக்கப்படுகின்றன. இந்தத் துறையில் மிகுந்த அனுபவம் உள்ளவர்கள் காவல் போட நினைத்தபோது எங்கே போட்டார்கள் என்பது நமக்கு ஒரு குறிப்பு.

இவையெல்லாம் பத்திரிகையாளர்களுக்கும் போராளிகளுக்கும் வருகிற ஆபத்து, மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் ஆசிரியைக்கும் இதில் என்ன என்று கேட்பது நியாயமான கேள்வி. தொடாமலே உள்ளே நுழையும் ஆயுதங்கள் கோடிக்கணக்கில் விலை பெறுபவை. அவற்றை யாரும் சாதாரண மனிதர்மேல் வீணடிப்பதில்லை. அதோடு, தானாக இறங்குவதை அணைத்துவிட்டால் அத்தகைய தாக்குதல் எல்லாம் நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. அதற்கு முதல் மருந்து போனையும் செயலிகளையும் உடனுக்குடன் புதுப்பித்து வைத்திருப்பதுதான். ஆனாலும் இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கோப்பு என்பது வெறுமனே பார்க்கிற பொருள் என்று நினைக்கிறோம். போனுக்கோ அது செய்யச் சொல்லி வந்த வேலை. அதைப் பிரிக்க வேண்டும், அளக்க வேண்டும், அடுக்க வேண்டும், பல நேரம் இன்னொரு இடத்தில் நகலும் எடுக்க வேண்டும். எந்த வேலையைச் செய்யலாம் என்று சொல்லும் உரிமை பெரிய இலக்குகளுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை. சாதாரண மனிதருக்கு அதே உரிமை வேறு காரணங்களுக்காகத் தேவைப்படுகிறது. அந்தக் காரணங்கள் அன்றாடம் வருபவை.

இனி அமைப்புகளுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்பதைத் திறந்தால், 'மீடியா ஆட்டோ டவுன்லோடு' என்ற தலைப்பின்கீழ் மூன்று வரிகள் இருக்கும்: மொபைல் டேட்டாவில் இருக்கும்போது, வைஃபையில் இருக்கும்போது, ரோமிங்கில் இருக்கும்போது. ஒவ்வொன்றையும் தொட்டால் படம், ஆடியோ, வீடியோ, டாக்குமென்ட் என்று நான்கு கட்டங்கள். வீடியோவுக்கும் டாக்குமென்டுக்கும் எல்லா வரிகளிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். ரோமிங்கில் எதுவுமே வேண்டாம். இதைச் செய்த பிறகு ஒரு வீடியோ வந்தால், மங்கலான ஒரு படத்தின்மேல் கீழ்நோக்கிய அம்புக்குறியும், பக்கத்தில் 14 எம்பி என்பதுபோல் எடையும் தெரியும். அந்த மங்கல் படம்தான் திண்ணை. அனுப்பியவர் யார், எந்தக் குரூப், எவ்வளவு எடை என்று பார்த்து, தேவையென்றால் தொட்டால் இறங்கும். இல்லையென்றால் கடந்து போகலாம். அடுத்து, ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் 'சாட்ஸ்' என்பதற்குள் 'மீடியா விசிபிலிட்டி' என்று ஒன்று இருக்கிறது. அதை அணைத்தால், இனி இறங்குபவை வாட்ஸ்அப்புக்குள் இருக்கும், கேலரியில் வந்து கொட்டாது. இதை ஒவ்வொரு உரையாடலுக்கும் தனியாகவும் வைக்கலாம் என்பதால், பிள்ளைகள் அனுப்பும் படங்கள் மட்டும் கேலரிக்கு வரட்டும், அடுக்குமாடிக் குடியிருப்புக் குரூப்பின் தண்ணீர் லாரிப் படங்கள் வர வேண்டாம் என்று பிரித்துக்கொள்ள முடியும். ஐபோனில் இதே காரியத்துக்கு 'சேவ் டு ஃபோட்டோஸ்'. மூன்றாவதாக, 'பிரைவசி' பகுதியில் 'குரூப்ஸ்' என்பதைத் திறந்து, உங்களைக் குரூப்பில் சேர்க்கும் உரிமையை உங்கள் தொடர்புகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிடுங்கள். முன்பின் தெரியாதவர் உங்களை ஒரு குரூப்புக்குள் இழுத்துப் போட்டு அங்கே கோப்பைக் கொட்டுவது இதனால் நிற்கும்.

ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு இறக்குவது தொல்லை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. தொல்லைதான், ஆனால் அது நினைக்கிற அளவு இல்லை. குரல் பதிவுகள் எந்த அமைப்பிலும் தானாகவே இறங்கிவிடும், ஆகவே வீட்டில் ஆடியோ அனுப்பிப் பேசுகிறவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. படங்களை மட்டும் வைஃபையில் தானாக இறங்க விட்டுவைப்பதில் பெரிய கேடு இல்லை. எடையில் பெரும்பங்கு வீடியோவுடையது, ஆபத்தில் பெரும்பங்கு டாக்குமென்டுடையது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: இறக்காமல் விட்டால் கோப்பு காணாமல் போகும். இது உண்மை. வாட்ஸ்அப் தன் வழங்கியில் கோப்புகளை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. பல வாரம் கழித்துத் தொட்டால், கோப்பு இல்லை, அனுப்பியவரை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்ற பதில்தான் வரும். டெலிகிராமில் கோப்பு மேகத்திலேயே தங்குவதால் இந்தச் சிக்கல் குறைவு. ஆக, தானாக இறங்குவதை அணைக்கிறவர் ஒரு கடமையையும் ஏற்றுக்கொள்கிறார்: வேண்டியதை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். இந்தக் கடமை நல்லது என்றே கருதுகிறேன். எது வேண்டியது என்ற கேள்வி கோப்பு வந்த நாளிலேயே எழுகிறது. அன்றைக்குத்தான் அதற்கு எளிதாகப் பதில் சொல்ல முடியும்.

இடப் பிரச்சினையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். காலை வணக்கப் படங்களால் இந்தியர்களின் போன்கள் திணறுவதைப் பற்றி 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட செய்தி, இந்தியாவில் மூவரில் ஒருவரின் போன் அன்றாடம் நிரம்பிப் போகிறது, அமெரிக்காவிலோ பத்தில் ஒருவருக்குத்தான் அந்த நிலை என்று ஓர் ஆய்வைச் சுட்டியது. இப்போது 128 ஜிபி போன் சாதாரணமாகிவிட்டதே, இனி என்ன கவலை என்று தோன்றலாம். கவலை இடம் மாறியிருக்கிறது. வாட்ஸ்அப்பின் ஆண்ட்ராய்டு பேக்கப் முன்பு கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபியில் சேராமல் இருந்தது. 2024 முதல் சேர்கிறது. ஜிமெயிலும் அதே 15 ஜிபியில்தான் இருக்கிறது. குரூப்பில் வந்த வீடியோக்கள் அந்த இடத்தைத் தின்றுவிட்டால், கடைசியில் உங்களுக்கு வர வேண்டிய மின்னஞ்சல் நின்றுபோகும். பேக்கப் அமைப்பில் 'வீடியோக்களையும் சேர்' என்பதை அணைத்து வையுங்கள். 'மேனேஜ் ஸ்டோரேஜ்' பகுதியில், 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று வாட்ஸ்அப்பே பிரித்துக் காட்டுகிறது. இரண்டாவது தொகுப்பைப் பெரும்பாலும் யோசிக்காமல் அழிக்கலாம். முதலாவதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அழிக்க வேண்டும், வீட்டு விசேஷ வீடியோக்களும் அதற்குள்தான் இருக்கும். கேலரியிலிருந்து அழித்தவை அதன் குப்பைத் தொட்டியில் சில வாரம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது சாதாரண மனிதரின் பணத்தைத் தொடுகிற ஆபத்து. 2024 இறுதியில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளைப் பற்றி இமாச்சலப் பிரதேசக் காவல்துறை எச்சரித்தது. பிஎம் கிசான் உதவித்தொகை, போக்குவரத்து அபராதம், வங்கிக் கேஒய்சி என்று பெயர் மட்டும் மாறி, நாடெங்கும் இதே உத்தி நடக்கிறது. அந்தக் கோப்பை அருகில் வைத்துப் பார்த்தால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுப்பது தெரியும். உண்மையான பிடிஎஃப் பத்திரிகை வந்தால், பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் பக்க எண்ணிக்கை, எடை, பிடிஎஃப் என்ற வகை ஆகியவை இருக்கும். முதல் பக்கத்தின் முன்னோட்டமும் பல நேரம் தெரியும். மோசடிக் கோப்பில் பக்க எண்ணிக்கை இருக்காது, முன்னோட்டம் இருக்காது. எடை பல எம்பி என்று இருக்கும், வகை ஏபிகே என்று இருக்கும். ஏபிகே என்றால் அது ஒரு செயலி. கல்யாணப் பத்திரிகைக்குச் செயலி எதற்கு? அபராத ரசீதுக்குச் செயலி எதற்கு? வங்கியோ அரசுத் துறையோ தன் செயலியை வாட்ஸ்அப் கோப்பாக அனுப்பாது. அதற்குரிய இடம் பிளே ஸ்டோர். ஏபிகே என்ற மூன்றெழுத்தை வீட்டில் உள்ள எல்லோருக்கும் கண்ணுக்குப் பழக்கிவிட்டால் இந்த மோசடியில் பாதி படுத்துவிடும்.

தெரிந்தவர்தானே அனுப்பியிருக்கிறார் என்பது இங்கே எழும் முதல் ஆட்சேபம். இந்த மோசடி அதையே நம்பித்தான் பிழைக்கிறது. ஒருவர் போனில் அது நிறுவப்பட்டதும், குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்டு வாங்கி, வங்கியின் ஓடிபியைத் திருடனுக்கு அனுப்புகிறது. அதே வழியில் அவருடைய வாட்ஸ்அப் கணக்கும் பறிபோனால், அவர் பெயரிலேயே உறவினர் குரூப்புக்கும் அலுவலகக் குரூப்புக்கும் அந்தக் கோப்பு போகிறது. ஆகவே வழக்கத்துக்கு மாறான கோப்பு தெரிந்தவரிடமிருந்து வந்தால், பதில் செய்தி போடாமல் போன் செய்து கேளுங்கள். செய்திக்குப் பதில் எழுதுகிறவர் திருடனாகவே இருக்கலாம். வாட்ஸ்அப் முழு மறையாக்கம் செய்யப்பட்டது, பாதுகாப்பானது என்பது இரண்டாவது ஆட்சேபம். மறையாக்கம் என்பது வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்ற உறுதி. உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று அது பார்ப்பதே இல்லை. பார்க்கவும் முடியாது, ஏனென்றால் பார்க்க முடியாமல் செய்வதுதான் அதன் வேலை.

இந்த இடத்தில் ஆண்ட்ராய்டு நமக்கு ஒரு கடைசித் தாழ்ப்பாளை வைத்திருக்கிறது. 'அறியாத செயலிகளை நிறுவுதல்' என்ற அனுமதி ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்பட வேண்டியது. ஏபிகேயைத் தவறித் தொட்டாலும், வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதி தரலாமா என்று போன் ஒரு முறை கேட்கும். அந்தக் கேள்வி வந்தாலே, திறக்கப் போவது படமோ பத்திரிகையோ இல்லை என்று முடிவாகிவிட்டது, திரும்பி வந்துவிடுங்கள். முன்பே எப்போதாவது 'சரி' கொடுத்திருக்கிறீர்களா என்று செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதியின் சிறப்பு அனுமதிகளில் பார்த்து, வாட்ஸ்அப், டெலிகிராம், பிரவுசர் மூன்றுக்கும் அணைத்து வையுங்கள். நிறுவியே விட்டிருந்தால், முதல் வேலை ஏரோபிளேன் மோடைப் போட்டு வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஓடிபி வெளியே போகும் வழி அதோடு அடைபடும். பிறகு வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் நிறுத்தினால்தான் மீட்க வாய்ப்பு அதிகம் என்பதால், யாரிடம் சொல்வது என்று வெட்கப்பட்டுக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். அந்தச் செயலி தன் ஐகானை மறைத்துக்கொள்ளக் கூடும். ஆகவே, தேவையான படங்களை எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுவதுமாக அழித்துப் புதிதாகத் தொடங்குவதே நம்பகமான வழி.

வேண்டாததை வெளியே நிறுத்துவது பாதிதான். வேண்டியதை ஒழுங்காக உள்ளே எடுத்துக்கொள்வது மறுபாதி. இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் 4,000-க்கு 3,000 பிக்சல் அளவில் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுமார் 1,600-க்கு 1,200 என்று சுருங்கும். ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பேரனின் முகத்துக்கு அது போதும். டாக்டரின் கையெழுத்துக்கும், பட்டாவின் சர்வே எண்ணுக்கும், பத்திரத்தில் முத்திரைக்குக் கீழே ஒளிந்திருக்கும் எழுத்துக்கும் போதாது. பெரிதாக்கிப் பார்த்தால் 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் கலங்கி நிற்கும். மறுபடி மறுபடி அனுப்பும்போது இன்னும் கெடக் கூடும். ஆகவே ஆவணம் எதையும் டாக்குமென்டாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கோப்பு சுருங்காமல் அப்படியே வரும், 2 ஜிபி வரை அனுப்பலாம். படமாகத்தான் அனுப்புவேன் என்பவரிடம், 2023 ஆகஸ்டில் வந்த எச்டி பொத்தானை அழுத்தி அனுப்பச் சொல்லலாம். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. படமாக அனுப்பும்போது, எடுத்த இடம், நேரம் போன்ற உள்குறிப்புகளை வாட்ஸ்அப் நீக்கிவிடுகிறது. டாக்குமென்டாக அனுப்பினால் அவை கூடவே போகும். விபத்துக் காப்பீட்டுக்குப் படம் அனுப்புகிறவருக்கு அது சாதகம். தன் வீட்டு வாசல் படத்தை முன்பின் தெரியாத வியாபாரிக்கு அனுப்புகிறவருக்கு அது ஆபத்து.

வந்த கோப்பை உரையாடலிலேயே விட்டுவைத்து, வேண்டும்போது மேலே தள்ளித் தேடிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையைக் கைவிடுங்கள். போன் மாறும், எண் மாறும், யாரோ குரூப்பைக் கலைப்பார்கள். மறையும் செய்தி அமைப்பை அனுப்பியவர் போட்டிருந்தால், 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ உரையாடலிலிருந்து அது போய்விடும். மேலும் வாட்ஸ்அப் சூட்டும் பெயரைப் பாருங்கள்: ஐஎம்ஜி, பிறகு 20250314 என்பதுபோல் தேதி, பிறகு டபிள்யூஏ 0007 என்று வரிசை எண். அந்தத் தேதி கோப்பு உங்கள் போனுக்கு வந்த நாள். படம் எடுத்த நாளை அது சொல்லாது, உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்லாது. இரண்டு வருடம் கழித்து அப்பாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையை இந்தப் பெயர்களுக்குள் தேடுவது வீண் வேலை. அறிக்கை வந்த அன்றே அதைத் திறந்து, பகிர்வு பொத்தானைத் தொட்டு, டிரைவிலோ போனில் நீங்களே உண்டாக்கிய ஓர் ஃபோல்டரிலோ போட்டு, ஆளின் பெயர், என்ன ஆவணம், தேதி என்று மூன்றும் தெரியும்படி பெயர் மாற்றுங்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை யாரும் படமெடுத்து அனுப்பி நீங்கள் சேமிக்க வேண்டியதே இல்லை. டிஜிலாக்கரிலிருந்து நேராக எடுப்பது சட்டப்படி அசலுக்குச் சமமாக ஏற்கப்படுகிறது.

ஏற்பதற்கு அடுத்த படி பிறருக்கு அனுப்புவது. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வதந்தி இந்தியா முழுவதும் சுற்றியபோது, கூடவே சுற்றிய ஒரு வீடியோவில் பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். அது கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைப் பிடித்துக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அதே வதந்தி அலையில் அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போன ஒரு மூதாட்டி ஊர்க் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஃபார்வர்டை ஒரு நேரத்தில் 5 உரையாடல்களுக்கு என்று சுருக்கியது. 2020 முதல், பலமுறை ஃபார்வர்டு ஆனதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். அனுப்பிய நண்பருக்கே அதன் மூலம் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. நல்லெண்ணத்தில்தானே அனுப்புகிறோம் என்றால், அந்த மூதாட்டியைச் சூழ்ந்தவர்களுக்குச் செய்தி அனுப்பியவர்களிலும் பெரும்பாலோர் குழந்தைகளைக் காப்பாற்றும் எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்கள். வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கூகுள் லென்ஸில் தேடினால், பழைய வீடியோ பல நேரம் உடனே பிடிபடும்.

கடைசியாகச் சட்டம். குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பார்த்ததும் வைத்திருந்ததும் மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று ரத்து செய்தது. அத்தகைய கோப்பைப் பரப்பும் எண்ணத்தோடு, அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பது போக்சோ சட்டத்தின் 15-ஆவது பிரிவில் குற்றம். யாருக்கும் அனுப்பியிருக்க வேண்டியதில்லை, வைத்திருந்த சூழ்நிலையிலிருந்தே அந்த எண்ணத்தை அனுமானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. யாரோ குரூப்பில் போட்டது, தானாக இறங்கியது என்பது நேர்மையான விளக்கமாகவே இருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்தைக் காவல் நிலையத்தில் சொல்ல நேர்வதைவிட இறங்காமலே தடுப்பது மேல். அப்படி ஒன்று வந்தால் யாருக்கும் காட்டவோ எச்சரிப்பதற்காகக்கூட அனுப்பவோ வேண்டாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் பதியலாம். மிரட்டலாக வந்த படமோ குரல் பதிவோ என்றால் நிலைமை வேறு. அவசரப்பட்டு அழித்துவிட்டால் சான்று போய்விடும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சான்றிதழோடுதான் நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். ஆகவே வெறும் ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் உரையாடலையும் மூலக் கோப்பையும் தொடாமல் வைத்து, எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வழக்கறிஞரையோ காவல்துறையையோ அணுகுங்கள்.

இந்த அமைப்புகளைத் தாங்களாகத் தேடிப் போய் மாற்ற முடியாத பலர் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். மோசடிக் கோப்புகள் அவர்களைத்தான் முதலில் தேடுகின்றன. இன்று உங்கள் போனில் மாற்றி முடித்ததும், அப்பா அம்மாவின் போனையும், பெரியம்மா சித்தப்பாவின் போனையும் கேட்டு வாங்கி, தானாக இறங்குவது, கேலரியில் கொட்டுவது, குரூப்பில் சேர்ப்பது, அறியாத செயலி நிறுவுவது ஆகிய நான்கு இடங்களையும் திருத்திக் கொடுங்கள். ஏபிகே என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.